சிக்கனம் பதிவுசெய்த நகரம்

'தி ஸ்வீனி' என்னும் பிரிட்டிஷ் காவல் துறைத் தொடர், விளம்பர வருவாயில் இயங்கிய ஐடிவி அலைவரிசையில் 1975 ஜனவரி முதல் 1978 டிசம்பர் வரை, நான்கு பருவங்களில் 53 பகுதிகளாக ஒளிபரப்பானது. அதன் கதைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை: ஆயுதக் கொள்ளைக் கூட்டம் ஒன்று திட்டம் தீட்டுகிறது, லண்டன் மாநகரக் காவல் துறையின் துப்பறியும் ஆய்வாளர் ஜாக் ரீகனும் சார்ஜென்ட் ஜார்ஜ் கார்ட்டரும் மோப்பம் பிடிக்கிறார்கள், மேலதிகாரி ஹாஸ்கின்ஸ் விதிமுறைகளை நினைவூட்டுகிறார், கடைசியில் ஒரு காரை இன்னொரு கார் துரத்துகிறது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்தும் இத்தொடரை விடாமல் பார்ப்போருள் பலருக்குக் கொள்ளையன் பிடிபட்டானா என்பது ஒரு பொருட்டே இல்லை. துரத்திய கார் எந்த ஆண்டில் வந்த எந்த வகை, அது எந்தத் தெருவில் திரும்பியது, திரும்பிய முனையிலிருந்த மதுக்கடை இன்றும் இருக்கிறதா என்பனவே அவர்கள் தேடும் விவரங்கள். இந்த ஈடுபாட்டை வெறும் பழமை மோகம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்தக் கார்களும் தெருக்களும் படச்சுருளில் ஏறிய காரணத்தை ஆராய்ந்தால், சுவையான உண்மை ஒன்று தென்படும். இன்று பொக்கிஷமாக மதிக்கப்படும் அவற்றில் பெரும்பகுதி, அன்றைய தயாரிப்பாளர்களுக்கு மலிவாகவோ இலவசமாகவோ கைக்கு எட்டியவை.

தொடரின் பெயர் லண்டன் கிழக்குப் பகுதி மக்களின் எதுகைக் கொச்சை வழக்கிலிருந்து வந்தது. 'ஃபிளையிங் ஸ்குவாட்' என்ற பெயருக்கு எதுகையாக 'ஸ்வீனி டாட்' என்ற பழங்கதைக் கொலைகாரனின் பெயரைச் சொல்லி, பிறகு அதையும் பாதியாகச் சுருக்கிக்கொண்டார்கள். பறக்கும் படை என்று தமிழில் சொல்லத்தக்க இப்பிரிவு 1919இல் சோதனை முயற்சியாகத் தொடங்கப்பட்டது. மாநகரக் காவல் துறை தனித்தனி வட்டாரங்களாகப் பிரிந்திருந்ததால், ஒரு வட்டாரத்தில் கொள்ளையடித்து மறு வட்டாரத்துக்குத் தப்பியவர்களைத் தொடர்வது கடினமாக இருந்தது. வட்டார எல்லைகளைப் பொருட்படுத்தாமல் நகரம் முழுவதும் சுற்றக்கூடிய துப்பறிவாளர் குழு ஒன்று அதற்குத் தேவைப்பட்டது. மூடிய குதிரை வண்டியின் திரையில் துளையிட்டு வேவு பார்த்த அக்குழு, சில ஆண்டுகளிலேயே மோட்டார் வாகனங்களுக்கு மாறியது. ஆகவே இந்தப் படையைப் பற்றிய தொடரில் காரும் தெருவும் கதைமாந்தர்களைப் போலவே இடம்பெறுவதில் வியப்பில்லை.

இதற்கு முந்தைய பிரிட்டிஷ் காவல் தொடர்கள் பெரும்பாலும் நான்கு சுவர்களுக்குள் நடந்தன. பிபிசியின் 'டிக்சன் ஆஃப் டாக் கிரீன்' 1955 முதல் 1976 வரை ஓடியது. அதில் ஜாக் வார்னர் நடித்த முதிய காவலர், பேரனுக்குப் புத்தி சொல்லும் தாத்தாவின் கனிவோடு நேயர்களிடம் நேரே பேசுவார். 1962இல் தொடங்கிய 'இசட் கார்ஸ்' அந்தக் கனிவை உடைத்து, இங்கிலாந்தின் வடமேற்கே லிவர்பூலையொட்டி எழுந்த புதிய குடியிருப்புகளை அடியொற்றிய கற்பனை நகரத்தில், ரோந்துக் கார்களில் சுற்றும் இளம் காவலர்களைக் காட்டியது. ஆனால் அதன் தொடக்க ஆண்டுப் பகுதிகள் அரங்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பானமையால், காருக்குள் பேசும் காட்சிகளில் கார் நகரவேயில்லை. பின்புறத் திரையில் சாலைக் காட்சி ஓட, நடிகர் ஸ்டீரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். பின்னர் வீடியோ நாடா பரவலான காலத்தில், அரங்கக் காட்சிகளை நாடாவிலும் வெளிக்காட்சிகளை 16 மி.மீ. படச்சுருளிலும் எடுத்து ஒட்டும் முறை நிலைபெற்றது. கதவுக்கு உள்ளே ஓர் ஒளியும் கதவைத் திறந்தால் வேறோர் ஒளியுமாக இருக்கும் அந்த ஒட்டு, அக்காலத் தொடர்களைப் பார்க்கும் எவர் கண்ணுக்கும் தப்பாது. வீடியோ நாடா விலை உயர்ந்தது, அழித்து மறுபடி பயன்படுத்தத்தக்கது. அதனால் பிபிசி எண்ணற்ற தொடர்களை அழித்தது. 'டிக்சன்' தொடரின் 432 பகுதிகளில் இன்று எஞ்சியிருப்பவை முப்பத்துச் சொச்சமே. அங்கும் சிக்கனம்தான் முடிவெடுத்தது. அதன் விளைவு மட்டும் நேரெதிரானது.

லண்டனின் வார நாள் ஒளிபரப்பு உரிமையைப் பெற்றிருந்த தேம்ஸ் டெலிவிஷன் நிறுவனம், 1971இல் யூஸ்டன் ஃபிலிம்ஸ் என்ற துணை நிறுவனத்தைத் தொடங்கியது. அரங்கையும் அதன் கனத்த மின்னணுக் கேமராக்களையும் கைவிட்டு, முழுத் தொடரையும் 16 மி.மீ. படச்சுருளில், கையில் தூக்கிச் செல்லத்தக்க கேமராவுடன், உண்மையான தெருக்களிலும் கட்டடங்களிலும் எடுப்பதே அதன் வழிமுறை. இயன் கென்னடி மார்ட்டின் எழுதி 1974 ஜூனில் ஒளிபரப்பான 'ரீகன்' என்ற தனிப்படம் வரவேற்பைப் பெற்றதும், அதன் நீட்சியாக 'தி ஸ்வீனி' உருவானது. 'இசட் கார்ஸ்' தொடரை உருவாக்கிய டிராய் கென்னடி மார்ட்டின் இவருடைய அண்ணன் என்பதும், அவரே 'ஸ்வீனி'யின் சில பகுதிகளை எழுதினார் என்பதும், பிரிட்டிஷ் காவல் தொடர்களின் இரு பெரும் திருப்பங்கள் ஒரே வீட்டிலிருந்து வந்தன என்பதைக் காட்டும்.

ஐம்பது நிமிடப் பகுதி ஒன்றைப் பத்து நாள்களில் எடுத்து முடிக்க வேண்டும் என்பது படக்குழுவின் கட்டுப்பாடு. அதாவது, திரையில் ஐந்து நிமிடம் ஓடக்கூடிய காட்சிகள் நாள்தோறும் தேறியாக வேண்டும். சாமான்களை ஏற்றி இறக்குவதிலும் நெரிசலில் ஊர்வதிலும் அரை நாள் போனால் கணக்கு உதைக்கும் என்பதால், படப்பிடிப்பு இடங்கள் தலைமையகத்துக்கு அருகே இருப்பது அவசியமாயிற்று. அந்தத் தலைமையகம் மேற்கு லண்டனின் ஹேமர்ஸ்மித் சாலையில் இருந்த கோலெட் கோர்ட் என்ற செங்கல் கட்டடம். செயின்ட் பால்ஸ் பள்ளியின் சிறுவர் பிரிவு இயங்கிய அவ்விடம், 1968இல் பள்ளி தேம்ஸ் ஆற்றின் மறுகரையிலுள்ள பார்ன்ஸ் பகுதிக்குப் பெயர்ந்ததால் காலியாகியிருந்தது. ரீகனின் அலுவலகம், படத்தொகுப்பு அறை, உடை அறை எல்லாம் அதற்குள்ளேயே அமைந்தன. வெளிக்காட்சிகளோ ஹேமர்ஸ்மித், ஃபுல்ஹாம், செப்பர்ட்ஸ் புஷ், சிஸ்விக் ஆகிய சுற்றுவட்டாரங்களில் கிடைத்த இடங்களில் எடுக்கப்பட்டன. தொடரின் லண்டனில் பிக் பென் கடிகார கோபுரமும் அரண்மனையும் அரிதாகவே தென்படுவதற்கும், வாகன நிறுத்துமிடங்களும் பழைய இரும்புக் கடைகளும் ரயில் பாலத்துக்கு அடியிலுள்ள வளைவு மாடக் கொட்டில்களும் அடுத்தடுத்து வருவதற்கும் இந்தப் பத்து நாள் கணக்குதான் முதற்காரணம்.

மேற்கு லண்டனை விட்டு வெளியேறியபோது படக்குழு பெரிதும் நாடியது கிழக்கே தேம்ஸ் ஆற்றோரத் துறைமுகப் பகுதியை. பெருங்கப்பல்களும் சரக்குப் பெட்டக முறையும் வந்தபின், ஆற்றின் மேற்பகுதியில் இருந்த பழைய துறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன: கிழக்கிந்தியத் துறை 1967இலும், செயின்ட் கேத்தரின் துறை 1968இலும், சர்ரி துறைகள் 1970இலும் கதவடைத்தன. கூரையற்ற கிடங்குகள், நீர் தேங்கிய குழிகள், ஆளரவமற்ற கருங்கல் தெருக்கள் என மைல் கணக்கில் விரிந்த அந்த வெற்றிடத்தில், கார்களை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் எதில் மோதினாலும் கேட்பாரில்லை. ஆயிரக்கணக்கான துறைமுகத் தொழிலாளர்களின் பிழைப்புப் போன இடமே துரத்தல் காட்சிகளுக்குத் தோதான மைதானமாயிற்று என்பதை, அந்தக் காட்சிகளை ரசிப்போர் நினைவில் கொள்வது நல்லது. 1981இல் துறைமுகப் பகுதி மேம்பாட்டுக் கழகம் அமைந்து, அடுத்த பத்தாண்டுகளில் கேனரி வார்ஃப் வானளாவிகள் எழுந்தபின், இடைப்பட்ட அந்தப் பாழ்நிலையை அசையும் படமாகக் காண்பதற்கு இத்தகைய தொடர்களைப் போல் வளமான மூலம் வேறு அதிகமில்லை.

இடங்களை அடையாளம் காணும் கலை தனி நுட்பங்கள் கொண்டது. லண்டன் தெருப்பெயர்ப் பலகைகளில் அஞ்சல் வட்டார எண்ணும் பெரும்பாலும் இடம்பெறும். பெயர் மங்கலாகத் தெரிந்தாலும் அந்த எண் தேடலைச் சில சதுர மைல்களுக்குள் சுருக்கிவிடும். கடைப் பலகைகளில் எழுதிய தொலைபேசி எண் இன்னும் துல்லியமானது: அப்போது லண்டனின் குறியீடு 01, அதைத் தொடரும் மூன்று இலக்கங்கள் தொலைபேசி நிலையத்தைக் குறிப்பவை. 748 என்று தொடங்கினால் அது ஹேமர்ஸ்மித்தின் ரிவர்சைடு நிலையம். அந்நிலையப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளுக்குத் தொலைபேசித் திகிரியில் உரிய எண்களே அவை. தேவாலயக் கோபுரம், எரிவாயுத் தொட்டி, ரயில் பாலம் ஆகிய மூன்றில் இரண்டு ஒரே காட்சியில் தெரிந்தால், பழைய நில அளவைப் படத்தை விரித்துக் கேமரா நின்ற மூலையையே குறித்துவிடலாம். ஓய்வு பெற்ற அஞ்சல்காரர்களும் பேருந்து ஓட்டுநர்களும் பல்கலைக்கழக நகரவியலாளர்களைத் தோற்கடிக்கக்கூடிய துறை இது.

இனி கார்கள். தொடரில் காவலர்கள் ஃபோர்டு ஓட்டுவார்கள். கொள்ளையர்கள் ஜாகுவார் ஓட்டுவார்கள். ரீகனை முதல் பருவத்தில் சுமந்து சென்ற செம்பு நிற ஃபோர்டு கான்சல் ஜிடி, ஆர்வலர்கள் நடுவே அதன் பதிவெண்ணாலேயே அறியப்படும்: என்எச்கே 295எம். அக்காலப் பதிவெண்ணைப் படிக்கத் தெரிந்தவருக்கு இந்த எழுத்துகளே ஒரு வரலாறு சொல்லும். இறுதியிலுள்ள 'எம்', வண்டி 1973 ஆகஸ்டுக்கும் 1974 ஜூலைக்கும் இடையில் பதிவானதைக் குறிக்கும். 'எச்கே', பதிவான மாவட்டம் எசெக்ஸ் என்பதைக் குறிக்கும். ஃபோர்டு நிறுவனத்தின் பிரிட்டிஷ் தலைமையகமும் டேகனம் ஆலையும் எசெக்ஸைச் சார்ந்தவை. படத்துக்கு வேண்டிய புதிய கார்களை ஃபோர்டு தந்து உதவியதன் தடயம் பதிவெண்ணிலேயே இருக்கிறது. கான்சலும் கிரனாடாவும் ஒரே உடற்கூட்டின் இரு பெயர்கள்: 1972இல் வெளிவந்தபோது எளிய வகைகளுக்குக் கான்சல் என்றும் சொகுசு வகைகளுக்குக் கிரனாடா என்றும் பெயரிட்டார்கள், 1975இல் கான்சல் என்ற பெயர் கைவிடப்பட்டதால் பிந்தைய பருவங்களில் ரீகன் கிரனாடாவுக்கு மாறினார். ஜிடி வகையில் இருந்தது எசெக்ஸ் என்றே பெயர்கொண்ட மூன்று லிட்டர் வி6 எஞ்சின். அதன் கரகரத்த உறுமல் தொடரின் பின்னணி இசையைவிடச் சிலருக்கு நெருக்கமானது.

கொள்ளையர்களின் ஜாகுவாருக்கு வேறு கணக்கு. 1959இல் வந்த மார்க் 2 வகையும், அதிலிருந்து பிறந்து 1963 முதல் 1968 வரை விற்ற எஸ்-டைப் வகையும், நான்கு கதவுகளும் பெரிய டிக்கியும் பந்தயக் கார் வேகமும் ஒருங்கே கொண்டவை என்பதால், 1960களின் உண்மையான வங்கிக் கொள்ளையர்களும் அவற்றை விரும்பினார்கள். ஆனால் 1975இல் அவை பத்து வயதை நெருங்கிய அல்லது கடந்த பழசுகள். தனிச் சட்டம் இல்லாமல் தகட்டு உடலே எலும்புக்கூடாகவும் அமைந்த அக்காலக் கார்களில், இங்கிலாந்தின் மழையும் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் சேர்ந்து தகட்டை அரித்தன. 1960இல் தொடங்கிய கட்டாய ஆண்டுப் பரிசோதனை, படிப்படியாக மூன்று ஆண்டு கடந்த எல்லாக் கார்களுக்கும் விரிந்தபின், துருவேறிய ஜாகுவாரைத் தேற்றுவதைவிட உடைப்பது மலிவாகிவிட்டது. 1973இன் எண்ணெய் நெருக்கடி, பெட்ரோலை விழுங்கும் பெரிய எஞ்சின்களின் மறுவிற்பனை விலையை மேலும் சரித்தது. எனவே கிடங்குச் சுவரில் மோதி நொறுக்கத்தக்க பெரிய கார் வேண்டுமென்றால், படக்குழுவின் கைக்கு அடக்கமானது ஜாகுவார்தான். இன்று அந்தக் காட்சிகளில் எஸ்-டைப் ஒன்று நசுங்கும்போது பழங்கார்ப் பிரியர்கள் பல்லைக் கடிப்பதைக் கண்டால் அன்றைய தயாரிப்பாளர்கள் சிரித்திருப்பார்கள்.

கொள்ளைக்கு வேனும் தேவை. 1965இல் சந்தைக்கு வந்த ஃபோர்டு டிரான்சிட், அகன்ற கதவும் காருக்கு நிகரான வேகமும் கொண்டிருந்ததால் வணிகர்களோடு திருடர்களின் அபிமானத்தையும் பெற்றது. அவர்கள் குறிவைத்ததோ சம்பளப் பணம். உடலுழைப்புத் தொழிலாளருக்குக் கூலியை ரொக்கமாகவே தர வேண்டும் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டங்கள் 1960இல் தளர்ந்தபோதும் முற்றாக நீங்கியது 1986இல்தான். அதுவரை வாரந்தோறும் நோட்டுக் கட்டுகள் வங்கியிலிருந்து ஆலைகளுக்கு வேன்களில் சென்றுகொண்டிருந்தன. நடைபாதையில் பணப்பெட்டி கைமாறும் அந்தச் சில நொடிகளே தொடரின் எத்தனையோ கதைகளுக்கு விதை. சம்பளம் வங்கிக் கணக்குக்கு மாறியபின் அந்தக் குற்றமும் அதைச் சார்ந்த கதையும் வழக்கொழிந்தன.

யூஸ்டன் ஃபிலிம்ஸ் வகுத்த பாதையில் பின்தொடர்ந்த தொடர்களில், லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷனின் 'தி புரொஃபஷனல்ஸ்' கார்களுக்காகவே நினைக்கப்படுவது. 1977இல் தொடங்கியபோது அதற்கு வண்டி கொடுத்தது பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம். வேண்டிய நேரத்தில் வேண்டிய கார் கிடைக்காமல் அல்லற்பட்ட தயாரிப்பாளர்கள் ஃபோர்டுக்கு மாறினார்கள், அதன்பின் வெள்ளி நிறக் காப்ரி அத்தொடரின் முகமாயிற்று. தொடக்கத்தில் தோன்றிய லேலண்ட் கார்களில் ஒன்றான ரோவர் எஸ்டி1, தமிழ் வாசகர்களுக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. 1976இல் இங்கிலாந்தில் வெளிவந்து நெடுஞ்சாலைக் காவல் துறையினரின் விருப்பக் காரான அது, அங்கு உற்பத்தி நிற்கும் தறுவாயில் சென்னைக்கு வந்து, 1985 முதல் சில ஆண்டுகள் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெயரில் தயாரானது. எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு அமைந்த உடலில் பழைய வான்கார்டு வழிவந்த இரண்டு லிட்டர் எஞ்சினைப் பொருத்தியதால், தோற்றத்துக்கும் வேகத்துக்கும் பொருத்தமில்லாமல் போய் அது விலைபோகவில்லை.

பிற்காலத்தில் இந்தத் தொடர்களின் உலகை வேண்டுமென்றே மீட்டுருவாக்கிய முயற்சிகளில் பிபிசியின் 'லைஃப் ஆன் மார்ஸ்' முதன்மையானது. விபத்தில் சிக்கிய இன்றைய காவல் அதிகாரி ஒருவர் 1973இன் மான்செஸ்டரில் கண்விழிப்பதாக அமைந்த அத்தொடர் 2006, 2007 ஆண்டுகளில் வெளிவந்தது. அதன் ஃபோர்டு கார்ட்டினா 1973க்குச் சற்றுப் பிந்திய அம்சங்கள் கொண்டது என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். அது சிறு பிழை. பெரிய வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. மீட்டுருவாக்கத்தில் எல்லாமே 1973ஆக இருக்கும். கார், சட்டைக் காலர், சுவர்த்தாள், சாம்பல் கிண்ணம் எதுவும் அந்தப் பத்தாண்டை விட்டு வெளியே போகாது. உண்மையான 1975இல் எடுத்த 'ஸ்வீனி' காட்சியிலோ, சாலையோரம் நிற்கும் கார்களில் பலவும் 1960களைச் சேர்ந்தவை, வீடுகள் விக்டோரியா காலத்தவை, காலி மனை இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சின் மிச்சம், கடைப் பலகை போருக்கு முன் எழுதியது. எந்த ஆண்டும் தன் சொந்தப் பொருள்களால் மட்டும் ஆனதல்ல. முந்தைய ஐம்பது ஆண்டுகளின் எச்சங்கள் அதில் குடியிருக்கும். அலங்கரிக்கப் பணமில்லாமல் கேமராவைத் தெருவில் வைத்த தொடரே இதைப் பதிந்திருக்கிறது.

இந்த ஏக்கத்துக்குச் சில மறதிகளும் உண்டு. சந்தேக நபரை அறைந்து வாக்குமூலம் வாங்கும் ரீகனைத் திரையில் ரசித்த அதே ஆண்டுகளில், உண்மையான பறக்கும் படையின் முன்னாள் தலைவர் கென்னத் ட்ரூரி லஞ்ச வழக்கில் 1977இல் எட்டாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். விசாரணையை ஒலிப்பதிவு செய்வது, கைதானவரின் உரிமைகளை வரையறுப்பது ஆகியவற்றுக்கு வழிவகுத்த காவல் மற்றும் குற்றச் சான்றுச் சட்டம் 1984இல்தான் வந்தது. ரீகனின் காலத்தைச் சிவப்பு நாடா இல்லாத பொற்காலம் என்று கொண்டாடுவோர், அந்த நாடா எதனால் தேவைப்பட்டது என்பதைத் தொடரிலேயே காணலாம். எழுத்தாளர்கள் அதை மறைக்கவில்லை. பெண்களுக்கு அத்தொடர் கொடுத்த இடமோ எந்த வாதத்தாலும் காப்பாற்ற முடியாத அளவுக்குச் சிறியது.

ரீகனாக நடித்த ஜான் தா, தொடர் தொடங்கியபோது 33 வயதுகூட நிறையாதவர். நரைத்த தலையும் களைத்த முகமும் அவரை நாற்பத்தைந்து வயதினராகக் காட்டின. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவரே 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' ஆனார். 1987 முதல் 2000 வரை 33 படங்களாக வெளிவந்த அத்தொடரின் களம் ஆக்ஸ்ஃபோர்டு. கல்லூரி முற்றங்களும் பழஞ்சுவர்களும் மதுக்கடைத் தோட்டங்களும் பொறுக்கி எடுத்த அழகோடு காட்டப்பட்டன. மோர்ஸின் கார், 248 ஆர்பிஏ என்ற பதிவெண் கொண்ட சிவப்பு ஜாகுவார் மார்க் 2. மூலக் கதைகளை எழுதிய காலின் டெக்ஸ்டர் தன் தொடக்க நாவல்களில் மோர்ஸுக்குக் கொடுத்திருந்தது லான்சியா. திரையில் ஜாகுவார் நிலைத்தபின் அவரும் புத்தகத்தில் அதையே ஏற்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே நடிகர் துரத்திப் பிடித்த கொள்ளையர்களின் உடைசல் வகை, இப்போது கல்வியும் ரசனையும் மிக்க அதிகாரியின் அடையாளமாயிற்று. படப்பிடிப்பில் அடிக்கடி மக்கர் செய்ததாகச் சொல்லப்படும் அந்தக் கார் 2005இல் ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேல் விலைபோனது. எஞ்சியவை குறைந்தபோதுதான் விலை ஏறியது; குறையச் செய்ததில் 'ஸ்வீனி'க்கும் சிறு பங்குண்டு.

மோர்ஸ் ஈர்த்த நேயர்கள் பல நாட்டவர். ஆக்ஸ்ஃபோர்டில் அவர் பெயரால் சுற்றுலா நடப்பதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் நகரத்தின் சான்றாவணம் என்ற அளவில் 'ஸ்வீனி'யே மேலானது. அதன் 53 பகுதிகளும், படச்சுருளில் எடுக்கப்பட்டமையால், ஒன்றுகூட இழக்கப்படாமல் உள்ளன. புதிதாகப் பார்க்க விரும்புவோர் 1977, 1978 ஆண்டுகளில் திரையரங்குகளுக்காக எடுத்த இரு படங்களை விட்டுவிட்டு, 1975இன் முதல் பருவத்தில் தொடங்கலாம். அதன் முதல் பகுதியின் தலைப்பான 'ரிங்கர்', பதிவெண் மாற்றி ஓட்டும் திருட்டுக் காருக்குக் கார்த் திருடர்களிடையே வழங்கும் பெயர். கார் நிற்கும்போது காரின் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.